தணிகைக்கு நாயோடு வருபவர்க்கு ஓர் இடம்

திருவண்ணாமலையின் ஸ்கந்தாசிரமத்தில் ரமண மகரிஷி வாழ்ந்திருந்த ஆண்டுகளில், குட்டியாக வந்து சேர்ந்து அங்கேயே வளர்ந்த கமலா என்னும் நாய் ஒன்று இருந்தது. மலைக்குப் புதிதாக வந்த அன்பர் எவரேனும் சுற்றிப் பார்க்க விரும்பினால், அவரை அழைத்துச் செல்லும்படி மகரிஷி அந்த நாயிடம் சொல்லுவார் என்றும், அது முன்னே நடந்து, மலையைச் சூழ்ந்துள்ள விக்கிரகங்களையும் குளங்களையும் சந்நிதிகளையும் ஒவ்வொன்றாகக் காட்டிவரும் என்றும் மகரிஷியின் சரித்திரத்தை எழுதிய ஆர்தர் ஆஸ்பர்ன் குறித்திருக்கிறார். ஆசிரமத்தில் சாப்பாட்டு வேளை வந்தால் முதலில் நாய்களுக்கும், பிறகு வந்து நிற்கும் ஏழைகளுக்கும், அதன் பின்னரே அடியார்களுக்கும் உணவிடுவது நியதியாக இருந்தது. ஜாக்கி என்ற நாய்க்கு எழுப்பிய சமாதியை, பசு லக்ஷ்மியின் சமாதிக்கு அருகில், இன்றைக்கும் ரமணாசிரமம் செல்வோர் காணலாம். தமிழ்நாட்டின் மகாக்ஷேத்திரம் ஒன்றைப் புதியவர்க்குச் சுற்றிக் காட்டும் பணி ஒரு காலத்தில் ஒரு நாயிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது என்னும் இந்தச் செய்தியை நான் இங்கே எடுத்துச் சொல்வது, வேறொரு மலையைப் பற்றிய ஒரு கோரிக்கைக்கு அது துணைநிற்கும் என்பதனால்தான்.

சென்னையிலிருந்து திருப்பதிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், ஆந்திர எல்லையைத் தொடுவதற்குச் சற்று முன்னே நிற்கும் தணிகை மலைக்கு, வளர்ப்பு நாயோடும் மடித்துக் கட்டிய கூடாரத்தோடும் வந்து இறங்கும் குடும்பங்களை இப்போதெல்லாம் அவ்வப்போது காண்கிறோம். வீட்டைப் பார்த்துக்கொள்ளப் பாட்டியோ பெரியப்பாவோ இல்லாமற்போன இந்நாளில், நாயை எவரிடம் விட்டு வருவது என்ற கேள்விக்கு விடை காணாமல், உடன் அழைத்து வருவதே வழியென்று துணிந்தவர்கள் இவர்கள். ஆனால் ஊரில் கால் வைத்தவுடனே இவர்களுடைய சங்கடம் தொடங்கிவிடுகிறது. விடுதிகளில் நாய்க்கு இடமில்லை. கூடாரம் அடிக்கலாம் என்று அனுமதிக்கப்பட்ட வெளியும் இல்லை. பிள்ளைகளோ மலையேறித் தரிசனம் செய்யத் துடிக்கிறார்கள். முடிவில், அடிவாரத்தில் காரை நிறுத்திக் கண்ணாடியை இரண்டு விரற்கடை இறக்கிவிட்டு, நாயை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் படியேறுகிறவர்களும் இருக்கிறார்கள். இந்த நிலை மாறவேண்டும், நாயோடு வருகிறவர்க்கு இவ்வூர் முறையான ஓர் இடத்தை ஒதுக்கித் தரவேண்டும் என்பது என் கோரிக்கை. அதற்காகக் கோயில் தன்னுடைய வரம்பில் ஓர் அங்குலமும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை என்பது அதனோடு பிரிக்க முடியாதபடி சேர்ந்த என் அபிப்பிராயம்.

க்ஷேத்திரத்திற்கு வந்து வெட்டவெளியில் கூடாரம் அடித்துத் தங்குவது மேல்நாட்டார் கொண்டுவந்த பொழுதுபோக்கு என்று நினைப்பவர்கள், நம் பாட்டனார் காலத்து யாத்திரையை அறியாதவர்கள். ஆடிக் கிருத்திகைக்குச் சித்தூர்ப் பக்கத்திலிருந்தும் வேலூர்ப் பக்கத்திலிருந்தும் வண்டி கட்டிக்கொண்டு புறப்பட்டவர்கள், ஊருக்கு வெளியே மாந்தோப்பிலோ புளியந்தோப்பிலோ மாடுகளை அவிழ்த்துக் கட்டி, மூன்று கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டி, வண்டிக் கூண்டையே கூரையாகக் கொண்டு இரவு பகலாகத் தங்கியிருந்தார்கள். யாரும் அழைக்காமலே கிராமத்திலிருந்து பின்தொடர்ந்து வந்துவிட்ட வீட்டு நாய் அந்த வண்டிகளின் நிழலில் படுத்து மூட்டை முடிச்சுகளுக்குக் காவலிருந்தது. சென்னை சுப்ரீம் கோர்ட்டில் துபாஷியாக உத்தியோகம் பார்த்த ஏனுகுல வீராசாமி, 1830ஆம் ஆண்டு மே மாதம் 18ஆம் நாள் பெரும் பரிவாரத்தோடு காசிக்குப் புறப்பட்டு, திருப்பதி வழியாகச் சென்று, அடுத்த ஆண்டு செப்டம்பரில் திரும்பிய வரலாற்றைத் தெலுங்கில் எழுதி வைத்திருக்கிறார். டேராவில் தங்கிய இரவுகள் எத்தனை, தண்ணீர் நல்ல ஊர் எது, நிழல் உள்ள துறை எது என்பதில் அவர் காட்டும் அக்கறையைப் படிப்பவர்க்கு, யாத்திரை என்பது போய்ச் சேர்வது மட்டுமன்று, வழியிலும் ஊரிலும் தங்கி வாழ்வதும் ஆகும் என்பது தெளிவாக விளங்கும்.

யாத்திரையில் நாய் கூட வருவதும் அந்தக் காலத்தோடு முடிந்துபோன செய்தி அன்று. 2019ஆம் ஆண்டு அக்டோபர் மாத இறுதியில் திருமலையிலிருந்து சபரிமலைக்குக் கால்நடையாகப் புறப்பட்ட ஐயப்ப பக்தர் பதின்மூவரை, வழியில் சேர்ந்த தெருநாய் ஒன்று விடாமல் தொடர்ந்து, கர்நாடகத்துச் சிக்கமகளூர்ப் பக்கம் எட்டும்போது ஏறத்தாழ 480 கிலோமீட்டர் நடந்திருந்ததைப் பத்திரிகைகள் படத்தோடு வெளியிட்டன. தாங்கள் சமைத்ததை அதற்கும் பகிர்ந்துகொண்டே அவர்கள் நடந்தார்கள். பாதம் புண்பட்டபோது மருத்துவரிடமும் காட்டியிருக்கிறார்கள்.

கார் வந்தபிறகு தணிகைக்கு நேர்ந்தது என்ன என்பதைச் சற்று எண்ணிப் பார்க்கவேண்டும். மலையின் உச்சிவரையில் வாகனச் சாலை உண்டு. சென்னையிலிருந்து விடியலில் புறப்பட்டவர் நேரே மேலே போய், தரிசனத்தை முடித்து, பிரசாதப் பொட்டலத்தோடு இறங்கி, மத்தியானச் சாப்பாட்டிற்குத் திருப்பதியிலோ தம் வீட்டிலோ இருந்துவிட முடியும். ஆண்டின் நாட்களைக் குறிப்பனவாகச் சொல்லப்படும் 365 படிகளையும் அவர் மிதிப்பதில்லை. மலைக்குக் கீழே ஓர் ஊர் இருக்கிறது என்பதையும் அவர் அறிவதில்லை. ஆனால் நாயோடு வருகிறவர் அப்படி ஓட முடியாது. அவர் நடந்தாக வேண்டும். நிழல் தேடியாக வேண்டும். வெயில் ஏறுமுன் எழுந்து, வெயில் தாழ்ந்தபின் மறுபடி புறப்பட்டாக வேண்டும். குடும்பத்தினர் முறைவைத்து மேலே போகும்போது மற்றவர் கீழே காத்திருந்தாக வேண்டும். இந்த நிர்ப்பந்தங்கள் எல்லாம் சேர்ந்து, பழைய வண்டி யாத்திரிகருக்கு இருந்த நிதானத்தை அவருக்கும் தந்துவிடுகின்றன. அந்த நிதானம் இருப்பவருக்கே திருத்தணி தன்னைக் காட்டும் என்பது என் அனுபவம்.

காட்டுவதற்கு இவ்வூரில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களைச் சரவணப் பொய்கைக் கரைக்கு முதலில் அழைத்துச் செல்வேன். குமார தீர்த்தம் என்றும் பெயர் பெற்ற அந்தக் குளத்தைச் சுற்றிலும் மடங்கள் நிறைந்திருந்ததனால் அப்பகுதிக்கே மடம் கிராமம் என்ற பெயர் வழங்கியது. ஒவ்வோர் ஊராரும் ஒவ்வொரு குலத்தாரும் தம்மவர் வந்தால் தங்குவதற்கென்று கட்டிவைத்த அந்த மடங்களின் திண்ணையையும் தூணையும் பார்த்துக்கொண்டே நடந்தால், எத்தனை தலைமுறையினர் இங்கே இரவைக் கழித்தார்கள் என்பதை உணரலாம். அங்கிருந்து நந்தியாற்றுப் பக்கமாகச் சென்றால், வீரட்டானேசுவரர் கோயில் இருக்கிறது. மலைக்கோயிலுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் எட்டியும் பாராத இந்தச் சிறிய கற்றளி, ஒன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பல்லவ மரபின் கடைசி அரசர்களில் ஒருவனாகிய அபராஜிதவர்மனின் காலத்தில், நம்பி அப்பி என்பவரால் எடுக்கப்பட்டது. பின்புறம் வளைந்து, படுத்திருக்கும் யானையின் முதுகைப் போன்ற தோற்றம் கொண்ட கஜப்பிருஷ்ட விமானம் இதனுடையது. இதைவிடப் பெரிய விசேஷம், இக்கோயிலின் திருப்பணியைப் புகழ்ந்து அரசனே இயற்றிய வெண்பா ஒன்று இங்கே கல்வெட்டாகப் பொறிக்கப்பட்டிருப்பது. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு பல்லவ வேந்தன் தமிழில் வெண்பாப் பாடினான் என்பதைக் கல்லில் விரல் வைத்துக் காட்டும் ஓர் ஊரில், ஒரு மணி நேரத்திற்கு மேல் தங்காமல் போவது நமக்கே இழப்பு.

முத்துசுவாமி தீக்ஷிதர் தம் முதற் கிருதியைப் பாடியது இந்த மலையில்தான். குருகுஹ என்ற முத்திரையை அவர் ஏற்றுக்கொண்டதும் இங்கேதான். சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் 1888ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் பிறந்ததும், முதலில் பள்ளிக்குச் சென்றதும் இவ்வூரில். 1953ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாளில் ஆந்திர மாநிலம் அமைந்தபோது சித்தூர் மாவட்டத்தோடு அந்தப் பக்கம் போய்விட்ட திருத்தணி, ம. பொ. சிவஞானமும் ஆசிரியர் மங்கலங்கிழாரும் அவர்களோடு நின்ற எளிய மக்களும் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் பயனாக, 1960ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளில் தமிழ்நாட்டோடு திரும்ப இணைந்தது. அந்த வரலாற்றைத் தேடிப் போகவேண்டியதில்லை. கடைத்தெருவில் ஒரு பால்காரர் ஒரே மூச்சில் தமிழிலும் தெலுங்கிலும் பேசுவதைக் கேட்டாலே போதும்.

என்னிடம் வளரும் சிப்பிப்பாறை நாயோடு இவ்வூருக்கு நான் வரும்போதெல்லாம் கண்ட ஓர் உண்மையை இங்கே சொல்ல விரும்புகிறேன். தனியே நடக்கும் வெளியூர்க்காரரிடம் எவரும் வலியச் சென்று பேசுவதில்லை. நாயோடு நடப்பவரிடமோ எல்லோரும் பேசுகிறார்கள். மலரங்காடியில் கதம்பம் கட்டும் அம்மாள், "கடிக்குமா சாமி?" என்று கேட்டுவிட்டு, கடிக்காது என்றதும் தன் வீட்டில் முன்பு இருந்த நாயின் கதையை முழுவதும் சொல்லி முடிக்கிறார். தேநீர்க் கடையில் உட்கார்ந்திருந்த முதியவர் ஒருவர், "எந்த ஊர் ஜாதிங்க இது? ராஜபாளையமா?" என்று தொடங்கி, தம் தகப்பனார் காலத்தில் முயல் வேட்டைக்குப் போனதையும், பொய்கையில் தெப்பம் விடும் நாட்களில் ஊர் இருந்த கோலத்தையும் விவரித்தார். வழிகாட்டிப் புத்தகம் எதுவும் எனக்குச் சொல்லாதவற்றை அந்த விடியற்காலை நடைகளில்தான் நான் அறிந்தேன். இராத் தங்குவதற்கு எனக்குக் கிடைத்தது, ஊருக்கு வெளியே அறிமுகமான விவசாயி ஒருவரின் மாந்தோப்பு. விடுதி ஒன்றில் முன்பணம் செலுத்தியிருந்தும் வாசலிலேயே எங்களைத் திருப்பி அனுப்பிவிட்டபின், "தோப்பு சும்மாத்தானே கிடக்குது, வாங்க" என்று அவர் அழைத்தார். பம்புசெட்டுத் தண்ணீர், மாமர நிழல், தூரத்தில் மலைமேல் எரியும் விளக்குகள் என்று அமைந்த அந்தத் தங்கலுக்கு நிகரான சௌகரியத்தை நான் எந்த விடுதியிலும் கண்டதில்லை. ஆனால் அறிமுகமானவர் இல்லாத குடும்பம் என்ன செய்யும்?

இனி, கோயிலின் வரம்பைப் பற்றிச் சொல்லவேண்டும். ஏனெனில் நாய் வளர்ப்போரில் சிலர் இங்கேதான் தவறான வழக்கை எடுத்துக்கொண்டு வாதாடுகிறார்கள். 2022ஆம் ஆண்டு மே மாதத்தில், ஹஸ்கி இன நாய் ஒன்றைக் கேதாரநாத்துக்குத் தூக்கிச் சென்ற ஒருவர், கோயிலுக்கு முன்னுள்ள நந்தியை அதன் முன்னங்கால்களால் தொடச் செய்து, அதற்குத் திலகமும் இடுவித்து, அந்தக் காட்சியை உலகறியப் பரப்பியபோது, பத்ரிநாத்–கேதாரநாத் கோயில் குழுவினர் போலீஸில் புகார் கொடுத்தனர். நாய்க்குத் தெய்வ சந்நிதியில் இடமுண்டா என்று அப்போது நாடெங்கும் விவாதம் நடந்தது. காசியில் காலபைரவர் சந்நிதியில் நாய்கள் தாராளமாக உலவுகின்றன. கண்ணூரை அடுத்த பறசினிக்கடவு முத்தப்பன் கோயிலில் வாயிலிலேயே வெண்கல நாய்கள் இரண்டு நிற்கின்றன, உயிருள்ள நாய்கள் உள்ளே படுத்திருக்கின்றன, அவற்றை எவரும் விரட்டுவதில்லை. இவற்றை எடுத்துக்காட்டி, ஆகவே தணிகையிலும் விடவேண்டும் என்று கேட்பது நியாயமாகாது. ஒவ்வொரு க்ஷேத்திரத்திற்கும் ஒரு சம்பிரதாயம் உண்டு. அதை அங்கே வழிபடுகிறவர்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்திருக்கிறார்கள். வெளியூரிலிருந்து ஒரு நாள் வருகிறவர் தம் பிரியத்தின் பொருட்டு அதைக் கலைக்கக் கூடாது. தொல்பொருள் சின்னங்களின் விஷயத்திலும் இதே ஒழுங்குதான்: மத்திய அரசின் பாதுகாப்பில் உள்ள சின்னங்களுக்குள் பராமரிப்புத் தேவைக்கன்றி எந்தப் பிராணியையும் கொண்டுவரக் கூடாதென்று 1959ஆம் ஆண்டின் விதிகளே தடுக்கின்றன. கருங்கற் படிகளில் வெறுங்காலோடு ஏறுகிற கூட்டத்தின் நடுவே நாய் ஒன்று போவது, காவடி சுமந்து வருகிறவருக்கும் துன்பம், நாய்க்கும் துன்பம். ஆகவே நாய் கீழேயே இருக்கட்டும் என்று நான் ஐயமின்றிச் சொல்வேன்.

ஆனால் சந்நிதிக்கு உரிய வரம்பை ஊர் முழுவதற்கும் விரித்துவிடுவது வேறு. தணிகையின் பழங்கதைகளில் நாய்க்குப் பகைமையாக ஒன்றும் இல்லை என்பதையும் இங்கே நினைவூட்டவேண்டும். இம்மலைக் குமரன் மணந்த வள்ளி வேடர் குடியில் வளர்ந்தவள். நாயில்லாத வேடர் குடியை யாரும் கேட்டதில்லை. இங்கிருந்து வடக்கே உள்ள காளத்தியில் கண்ணைப் பெயர்த்து அப்பிய கண்ணப்பர், வேட்டை நாய்கள் சூழக் காட்டில் திரிந்தவர். திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில், முதலாம் மகேந்திரவர்மனின் முப்பத்து நான்காம் ஆட்சியாண்டில் நட்ட வீரக்கல் ஒன்று உண்டு. ஆநிரை காத்து மாண்ட வீரனோடு அவனுடைய நாயின் உருவத்தையும் அதில் செதுக்கி, கோவிவன் என்ற அந்த நாயின் பெயரையும், அது கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற செய்தியையும் எழுத்தில் வெட்டியிருக்கிறார்கள். மன்னர் பலருடைய பெயரே மறைந்துபோன தேசத்தில், ஏழாம் நூற்றாண்டு நாய் ஒன்றின் பெயரை நாம் அறிந்திருக்கிறோம் என்றால், அதைக் கல்லில் வைத்த அந்தக் கிராமத்தாரின் நன்றியுணர்ச்சியை என்னென்று சொல்வது! கண்ணாடியில் தணிகை வேலனின் காட்சியைக் கண்டதாகச் சொல்லப்படும் இராமலிங்க வள்ளலார்தாம் பிற்காலத்தில் ஜீவகாருண்யத்தையே மோக்ஷ வீட்டின் திறவுகோலாக உபதேசித்தார் என்பதையும் இவ்வூரார் அறிவார்கள்.

நாயை வளர்ப்பவருக்கு உள்ள கடமைகளை நான் இலேசாகச் சொல்லிவிட்டுப் போகமாட்டேன். இடத்தைக் கேட்கும் உரிமை, கடமையைச் செய்பவருக்கே உண்டு. மூடிய காரில் நாயை விட்டுச் செல்வதைப்போன்ற கொடுமை வேறில்லை. நாய்க்கு மனிதரைப் போல உடம்பெல்லாம் வியர்ப்பதில்லை. நாக்கைத் தொங்கவிட்டு இரைப்பதனாலேயே அது பெரும்பாலும் உடற்சூட்டைத் தணித்துக்கொள்கிறது. உள்ளிருக்கும் காற்றே கொதித்துவிட்டால் அந்த இரைப்பினால் பயனில்லை. வெயிலில் நிற்கும் காருக்குள் பத்து நிமிஷத்தில் பத்து டிகிரி வரையில் சூடு ஏறிவிடும். கண்ணாடியைச் சிறிது இறக்கிவைப்பதனால் அது குறைவதும் இல்லை. சித்திரை வைகாசியில், கத்திரி வெயிலில், படியேறித் தரிசனம் முடித்து இறங்குவதற்குள் அந்தப் பிராணி என்ன ஆகியிருக்கும் என்பதை எழுதவே எனக்குக் கை நடுங்குகிறது. தார்ச்சாலையிலும் கற்றளத்திலும் புறங்கையை வைத்துப் பார்த்து, தாங்க முடியாவிட்டால் நாயை அதன்மேல் நடத்தக் கூடாது. சர்க்கரைப் பொங்கலையும் பஞ்சாமிருதத்தையும் அன்பின் மிகுதியால் நாய்க்கு ஊட்டுகிறார்கள். அவற்றில் கலந்துள்ள உலர் திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுத்து உயிருக்கே உலை வைக்கும் என்பதைப் பலரும் அறியார். ஆடிக் கிருத்திகைக்கும், திருப்புகழ்ப் படித்திருவிழா நடைபெறும் டிசம்பர் 31ஆம் நாளுக்கும் நாயைக் கொண்டுவரவே வேண்டாம். பம்பையும் உடுக்கையும் முழங்க இலட்சக்கணக்கானோர் கூடும் நெரிசலில், எவ்வளவு சாதுவான நாயும் கலங்கிப் போகும். கழுத்துப் பட்டையும் கயிறும் எப்போதும் இருக்கவேண்டும். தெருவில் அது கழித்ததை உடையவரே எடுத்து அப்புறப்படுத்தவேண்டும். கோயிலுக்குச் செல்வோர் வெறுங்காலோடு நடக்கும் வீதிகள் அவை.

தெருநாய்களைப் பற்றிய அச்சம் ஒன்று இவ்விஷயத்தில் குறுக்கே வருகிறது. 2025ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள், பள்ளிகள், மருத்துவமனைகள், பேருந்து நிலையங்கள், ரெயில் நிலையங்கள் முதலிய இடங்களிலிருந்து தெருநாய்களை அகற்றும்படி உச்சநீதிமன்றம் உத்தரவிட்ட பின்னர், எந்த நாயைக் கண்டாலும் இதற்கு இங்கே என்ன வேலை என்று கேட்கும் மனோபாவம் வளர்ந்திருக்கிறது. வெறிநாய்க்கடி அற்பமான விஷயம் அன்று. நோய்க்குறி தோன்றிய பிறகு அதற்கு மருந்தே இல்லை. கடிபட்டவுடன் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு கால் மணி நேரம் புண்ணைக் கழுவி, தாமதமின்றித் தடுப்பூசி போட்டுக்கொள்வதே உயிரைக் காக்கும். குழந்தையைக் கையில் பிடித்து வரும் தாய்க்கு நாயைக் கண்டு பயம் உண்டாவது இயற்கை. அந்தப் பயத்தை யாரும் இகழக் கூடாது. ஆனால் தடுப்பூசிச் சான்றும் உரிமமும் உள்ள வளர்ப்பு நாயை, வேலியிட்ட ஓர் இடத்தில், கண்காணிப்பில் வைத்திருப்பது அந்தத் தாய்க்கும் பாதுகாப்பே. இடமில்லாததனால்தான் அது வீதியில் நிற்கிறது. அங்கே நிற்கும்போது, தெருவுக்குத் தெரு எல்லை வகுத்துக் காக்கும் உள்ளூர் நாய்கள் அதைச் சூழ்ந்துகொள்கின்றன. குரைப்பும் கடியும் அங்கேதான் உண்டாகின்றன.

ரெயிலில் வருவதென்றாலோ, முதல் வகுப்பில் ஒரு தனியறையை முழுமையும் பதிவு செய்தவரே நாயை உடன் வைத்துக்கொள்ளலாம். மற்றவர் கார்டு பெட்டியிலுள்ள கூண்டில் அதை அனுப்பவேண்டும். சென்னையிலிருந்து திருத்தணிவரை வரும் மின்சார ரெயிலை நம்பியிருக்கும் எளிய குடும்பத்துக்கு இவ்விரண்டும் பயன்படுவதில்லை. இதைப் பற்றி வேறொரு சமயம் விரிவாக எழுதவேண்டும்.

நான் கேட்பது புதுமையான ஒன்றும் அன்று. நம் கிராமங்களின் பழைய வழிகளில், மாடுகள் உடம்பைத் தேய்த்துக்கொள்வதற்கென்று ஆவுரிஞ்சு கல்லையும், தலைச்சுமையை இறக்கி வைப்பதற்குச் சுமைதாங்கிக் கல்லையும், கால்நடைகள் நீர் அருந்தக் கற்றொட்டியையும் தர்மமாக நட்டுவைத்தவர்கள் நம் முன்னோர். யாத்திரிகரோடு வரும் பிராணிக்கும் யாத்திரிகருக்கு உள்ள தேவைகள் உண்டு என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். வண்டி மாடு போய், அதன் இடத்தில் இன்று நாய் வந்திருக்கிறது. மலைக்கு வருகிறவர் தம் செருப்பை விட்டுச் செல்ல ஓர் இடம் உண்டு. வாகனத்தை விட்டுச் செல்ல ஓர் இடம் உண்டு. உயிருள்ள துணையை விட்டுச் செல்லத்தான் இடமில்லை.

தேவஸ்தானமும் நகராட்சியும் கூடிப் பேசினால், நந்தியாற்றுப் பக்கத்திலோ ஊருக்கு வெளியே நெடுஞ்சாலையை ஒட்டியோ, வேம்பும் புளியும் நிற்கும் ஒரு தோப்பை இதற்கென ஒதுக்குவது கடினமன்று. பத்துப் பதினைந்து கூடாரங்கள் அடிக்கக்கூடிய அளவில் வெளி, குழாய்த் தண்ணீர், கழிப்பறை, இரவில் விளக்கு, ஓரமாக வேலியிட்டு நிழற்கூரை போட்ட நாய்ப் பட்டி, அதைக் கவனிக்க நாய்களோடு பழகிய ஆட்கள் இருவர், வாரத்தில் சில நாட்களாவது வந்து பார்த்துப் போகும் கால்நடை மருத்துவர் ஆகிய இவ்வளவே போதும். தடுப்பூசிச் சான்றைக் காட்டாத நாயை உள்ளே விடவேண்டாம், கட்டணம் வாங்கட்டும், அதைக் கொடுக்க யாரும் தயங்கமாட்டார்கள். அந்தத் தோப்பின் வாயிலில், தமிழிலும் தெலுங்கிலும், சரவணப் பொய்கைக்கும் வீரட்டானேசுவரர் கோயிலுக்கும் நடைவழி எது, எவ்வளவு தூரம், நாயோடு எதுவரை போகலாம், எங்கே நிறுத்திக்கொள்ளவேண்டும் என்பதைக் காட்டும் பலகை ஒன்று வேண்டும். வழியில் இரண்டு மூன்று இடங்களில் தண்ணீர்த் தொட்டி வைக்க உள்ளூர் வணிகர்களே முன்வருவார்கள் என்று நம்புகிறேன். அவ்வழியே போகும் மாடும் ஆடும் காக்கையும் அதில் குடிக்கும்.

கார்த்திகை கழிந்து, புத்தாண்டுப் படித்திருவிழாக் கூட்டமும் வடிந்தபின், தை பிறந்தது முதல் மாசி முடியும் வரையில் இவ்வூரில் காற்று குளிர்ந்திருக்கும், படிகளில் நெரிசலும் குறைந்திருக்கும். முதல் முயற்சியாக அந்த இரண்டு மாதங்களுக்கு மட்டும், தற்காலிகக் கொட்டகை போட்டு இதை நடத்திப் பார்க்கும்படி அதிகாரிகளைக் கேட்டுக்கொள்கிறேன். வந்தவர் எத்தனை பேர், எத்தனை இரவு தங்கினார்கள், என்ன குறை சொன்னார்கள், அண்டை வீட்டார்க்கு ஏதேனும் தொல்லை நேர்ந்ததா என்பவற்றை ஒரு புத்தகத்தில் பதிந்து வைத்து, பங்குனியில் அதை எடுத்துப் பார்த்து, நிரந்தரமாக்குவதா வேண்டாமா என்று தீர்மானிக்கலாம்.